பின் டயரைப் பெரிதாக்கினால் டிராக்டர் சேற்றில் புதையாதா?

சேரன்மகாதேவி பகுதி வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவருக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. சொந்த வயல் போக, வாடகைக்கும் தொளி அடிக்கிறார். 45 குதிரைத்திறன் டிராக்டர், பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகை, பின்னால் 13.6-28 டயர். சென்ற பிசானத்தில் நான்கு முறை அச்சு வரை புதைந்துவிட்டது. டயரும் தேய்ந்துவிட்டதால், அதே ரிம்மில் 16.9-28 டயர் மாட்டித் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். "மாட்டலாமா? வங்கித் தவணை பாக்கி இருக்கிறது. வண்டி பருவத்தில் நின்றுவிட்டால் தவணை கட்ட வழியில்லை" என்று எழுதியிருக்கிறார்.

பதில்: 16.9-28 மாட்ட வேண்டாம். டிராக்டரோடு வந்த கையேட்டில் 14.9-28 டயருக்கு அனுமதி இருந்தால், அதற்கு ஏற்ற ரிம்மோடு சேர்த்து மாட்டலாம். ஆனால், புதைவதற்குக் காரணம் டயர்தானா என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

எண் சொல்வது என்ன?

13.6-28 என்பதில் 13.6 என்பது டயரின் அகலம், 28 என்பது ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலத்தில். மூன்று அளவுக்கும் 28 பொதுவாக இருப்பதால், எல்லாம் ஒரே ரிம்மில் உட்காரும் என்று நினைத்துவிடுகிறார்கள். ரிம்முக்கு விட்டம் மட்டுமல்ல, அகலமும் உண்டு. 13.6 டயருக்கு 12 அங்குல அகல ரிம் வேண்டும். 16.9 டயருக்கு 14 அல்லது 15 அங்குல அகலம் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் நடுப்பகுதி புடைத்து நிற்கும். நடுப்பட்டை மட்டும் தேயும். சேற்றுக்காகக் காற்றைக் குறைக்கும்போது டயர் ரிம்மில் வழுக்கும். டியூப் வால்வு பிய்ந்துபோகும்.

பெரிய டயரால் கிடைப்பதும் போவதும்

13.6-28 டயரின் வெளி விட்டம் ஏறத்தாழ 131 செ.மீ. 16.9-28 டயருக்கு ஏறத்தாழ 143 செ.மீ. வித்தியாசம் 12 செ.மீ. என்றாலும் வண்டி உயர்வது அதில் பாதிதான். அதாவது 6 செ.மீ., மூன்று விரல் அகலம். அதுவும் பின்புறம் மட்டும்.

இந்த மூன்று விரல் உயரத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம். சக்கரம் ஒரு சுற்றுக்கு 9 சதவீதம் கூடுதல் தூரம் போகும். எல்லா கியரிலும் வேகம் அந்த அளவு கூடும். இழுவை அந்த அளவு குறையும். கிளட்சும் பின் அச்சும் கூடுதல் பாரம் சுமக்கும். பிரேக் பிடிக்கும் திறனும் குறையும். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு கால்வாய்க் கரைச் சரிவில் இறங்கும்போதுதான் அது தெரியும்.

தொளியின் தரமும் கெடும். ரோட்டவேட்டர் சுழலும் வேகம் பி.டி.ஓ.வைப் பொறுத்தது, அது மாறாது. வண்டி மட்டும் வேகமாக ஓடினால் ஒவ்வொரு கத்தியும் பெரிய கட்டியாக வெட்டும். சேறு கூழாகாது. இன்னொரு சால் ஓட்ட வேண்டிவரும். டீசல் செலவு கூடும்.

14.9-28 டயரின் விட்டம் 13.6-ஐவிட 4 சதவீதம் அளவுக்கே கூடுதல். 45 முதல் 50 குதிரைத்திறன் டிராக்டர்கள் பலவற்றில் கம்பெனியே இதை மாற்று அளவாகக் கொடுக்கிறது. கையேட்டில் இருக்கிறதா என்பதே கேள்வி. கையேடு தொலைந்திருந்தால், மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் வெளியிடும் சோதனை அறிக்கைகளில் அந்த மாடலின் டயர் அளவைப் பார்க்கலாம். வட்டார வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் கேட்கலாம்.

புதைவது ஏன்?

நெல் வயலில் மேல் சேற்றுக்கு அடியில் ஓர் இறுகிய தளம் உண்டு. பல ஆண்டு உழவில் உருவான தளம் அது. டிராக்டரைத் தாங்குவது அதுதான். மண் எடுத்த இடம், பொக்லைன் ஓடிச் சமன்படுத்திய இடம், கால்வாய்க் கசிவால் ஆண்டு முழுதும் ஊறிய மூலை, ஒவ்வொரு பருவமும் வண்டி இறங்கும் அதே மடை ஓரம் ஆகிய இடங்களில் இந்தத் தளம் உடைந்திருக்கும். அங்கே எந்த டயரும் நிற்காது.

தண்ணீர் கட்டிய பிறகு, நீளமான இரும்புக் கம்பியை வயலின் பல இடங்களில் குத்திப் பார்க்க வேண்டும். ஒரு சாண் ஆழத்துக்குள் கெட்டியாகத் தட்டினால் பயமில்லை. ஒரு முழத்துக்கும் கீழே போனால் டிராக்டரின் வயிறே சேற்றில் உட்கார்ந்துவிடும். அந்த இடத்தில் குச்சி நட்டு அடையாளம் வைத்து, பவர் டில்லரால் அடிப்பதே வழி.

செலவில்லாத வழிகள் முதலில்

1. பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் தொளிக்கு முன் எடுத்துவிட வேண்டும். 13.6-28 டயரில் முக்கால் பங்கு நிரப்பினால் ஒரு சக்கரத்துக்கே 150 லிட்டருக்கு மேல் பிடிக்கும். இரு பக்கமும் சேர்த்து 300 கிலோவுக்கு மேல் வீண் பாரம். இரும்பு எடைகளையும் கழற்றிவிடலாம்.

2. காற்றழுத்தத்தைக் கையேட்டில் வயலுக்குச் சொன்ன அளவுக்குக் குறைக்க வேண்டும். பல பின் டயர்களுக்கு அது 12 முதல் 14 பி.எஸ்.ஐ. சாலைக்கு வரும்போது மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

3. டயருக்கு வெளியே மாட்டும் அரை கேஜ் வீல் போடலாம். சேற்றில் மிதக்கும் பரப்பைக் கூட்டுவதில் பெரிய டயரைவிட இது மேல். வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது.

4. பட்டை தேய்ந்த டயரை அதே அளவில் புதிதாக மாற்றினாலே பிடிப்பு வெகுவாகத் திரும்பிவிடும்.

உயிர் போகும் தவறு

புதைந்த டிராக்டரை எடுக்கப் பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னோக்கி ஏற்றுவது பல ஊர்களில் வழக்கம். சக்கரம் சுழல முடியாமல் கட்டை தடுத்தால், இன்ஜினின் விசை முன்பக்கத்தை மேலே தூக்கும். கண் இமைக்கும் நேரத்தில் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுபவர்மேல் விழும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. கருவியை இறக்கி வைத்து, சக்கரத்தின் பின்னால் சேற்றை வெட்டி, பின்னோக்கி எடுக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் இன்னொரு டிராக்டரைக் கொண்டு இழுக்க வேண்டும். கயிறு, சங்கிலி எதுவானாலும் இழுவைக் கொக்கியில் தாழ்வாகத்தான் கட்ட வேண்டும். அருகில் யாரும் நிற்கக் கூடாது.

நான்கு சக்கர இழுவை உள்ளவர்களுக்கு

இந்த வகை டிராக்டரில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவீதம் முந்திச் சுற்றும்படி கியர் அமைத்திருப்பார்கள். பின் டயரை மட்டும் பெரிதாக்கினால் முன் சக்கரம் பின்தங்கி, பிரேக் போட்டதுபோல் இழுக்கும். முன் டயர் தேயும்; முன் அச்சின் பல்சக்கரம் உடையும். மாற்றினால் கம்பெனி சொன்ன ஜோடியாகவே முன்னும் பின்னும் மாற்ற வேண்டும்.

மலையடிவாரத் தோட்டத்து ஜீப்

மணிமுத்தாறு பகுதி வாசகர் ஒருவர், தோட்டத்துப் பாதைக்காக ஜீப்பை உயர்த்திப் பெரிய டயர் போடலாமா என்று கேட்டிருக்கிறார். மேலே சொன்ன கணக்கு இதற்கும் பொருந்தும். வண்டி உயர உயர வளைவில் கவிழும் வாய்ப்பு கூடும். டயர் 10 சதவீதம் பெரிதானால், மீட்டர் 40 காட்டும்போது வண்டி 44-ல் ஓடும். சட்டமும் இடம் தராது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். கம்பெனி அனுமதித்த அளவிலேயே சேற்றுப் பாதைக்கான பட்டை உள்ள டயர் கிடைக்கும், அது போதும்.

சேரன்மகாதேவி வாசகர், பிசானத்துக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே புது 13.6-28 ஜோடியும் அரை கேஜ் வீலும் வாங்கிவிடலாம். மடை திறந்து வயல் ஊறியதும் கம்பியால் குத்திப் பார்த்து, புதையும் இடங்களில் குச்சி நட்ட பிறகு டிராக்டரை இறக்கினால் போதும். வாடகைக்குப் போகும் வயலிலும், இறங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்வது அவருக்கும் நல்லது, வயல்காரருக்கும் நல்லது.