பிள்ளைங்க வரைஞ்ச படத்துக்கு ஒரு சுவர் வேணும்



ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கும். மலை, அருவி, அதன் காலடியில் பிளாஸ்டிக் குப்பை என்று பிள்ளைகள் கண்டதை அப்படியே வரைவார்கள். பரிசு கொடுப்போம், போட்டோ எடுப்போம், படங்களைக் கட்டி பீரோ மேல போட்டுருவோம். (நாம நடத்துற போட்டியிலும் இதே கதைதான்.)

குற்றாலத்தில் சாரல் தொடங்குவதும் அதே மாதம்தான். அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியாச்சு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை. ஆனாலும் குளிக்கப் போனா ஷாம்பு பாக்கெட் காலில் ஒட்டத்தான் செய்யுது. அந்தத் தண்ணிதான் சிற்றாறாகி, தென்காசி வழியா வயலுக்குப் பாய்ஞ்சு, தாமிரபரணியில் சேருது.

குற்றாலம் சித்திர சபையில் நடராசரே சுவரோவியமாகத்தான் இருக்கார். ஓவியத்துக்குச் சபை கட்டின ஊர்ல பிள்ளைங்க படத்துக்கு ஒரு சுவர் கிடைக்காதா? பேரருவிக்குப் போற வழியில், ஷாம்பு பாக்கெட் தொங்குற கடைகளுக்கு எதிரே, அந்தப் படங்களைப் பெருசா மாட்டணும். மாவட்ட நிர்வாகத்திடம் இதைக் கேட்கப் போறோம். உங்க வீட்டுப் பிள்ளை வரைஞ்ச படத்தைக் கமெண்ட்ல போடுங்க. பேர் வேண்டாம், எந்த வகுப்புன்னு மட்டும் எழுதுங்க.