கன்று எழுவாயானால் தேர் தப்பிக்கும்

பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் வரும் மனுநீதிச் சோழன் கதையை அறியாத தமிழர் இலர். மணியோசை கேட்டு வெளியே வரும் அரசன், பசுவின் துயருக்குக் காரணம் வினவுகிறான். நடந்தது அனைத்தையும் அறிந்தவரும் கேள்வி முதிர்ந்தவருமான ஓர் அமைச்சர் விடை சொல்கிறார். அந்த விடையை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அதன் வாக்கிய அமைப்பில் நின்று பார்த்ததில்லை. இளவரசன் தேரேறித் தெருவில் சென்றபோது, இளங்கன்று தேர்க்காலினிடையே புகுந்து இறந்தது என்கிறார் அவர். தேர் கன்றைக் கொன்றது என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. வாக்கியத்தின் எழுவாய் கன்று. புகுந்ததும் அதுவே, இறந்ததும் அதுவே. தேருக்கு அங்கே வினையே இல்லை.

வாகன நிறுவனங்களின் அறிக்கைகளைப் படிக்குந்தோறும் அந்த அமைச்சரின் குரலே நம் காதில் விழுகிறது.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் மின்னேற்றத்துக்கு வைத்திருந்த ஒகினாவா நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தனர். மின்னேற்றும்போது நேர்ந்த கவனக்குறைவே மின்கசிவுக்குக் காரணமாகத் தோன்றுகிறது என்பது நிறுவனத்தின் முதல் விளக்கம். கன்று தானே போய்ப் புகுந்தது! மூன்று வாரங்கள் கழித்து, ஏப்ரலில், அதே நிறுவனம் 3,215 ஸ்கூட்டர்களைப் பேட்டரி இணைப்புகளைச் சோதித்துச் சரிசெய்வதற்காகத் திரும்ப அழைத்தது. அந்த முதல் விளக்கத்துக்கு அவ்வளவு அவசரம் ஏன்? இறந்தவர்கள் மறுமொழி சொல்ல மாட்டார்கள் என்பதாலா?

அதே மார்ச்சில் புனேயில் ஓலா ஸ்கூட்டர் ஒன்று எரிந்தது. ஏப்ரலில் 1,441 வண்டிகளைத் திரும்பப் பெற்றபோது அந்நிறுவனம் அதை ‘வெப்ப நிகழ்வு’ என்றது. பெரும்பாலும் ‘தனித்த’ நிகழ்வு என்றும் சேர்த்துக்கொண்டது. தீ என்ற ஓரெழுத்துச் சொல்லை உச்சரிக்க அவர்களுக்கு இத்தனை தயக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளிக்கு அருகே உருவாகும் வண்டிகள் அவை. அவற்றின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்த படங்களைப் பலர் வெளியிட்ட பின், 2023 மார்ச்சில் நிறுவனம் பேசியது. அச்சம் ஆதாரமற்றது, எனினும் புதிய வடிவ ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருகிறோம், இது மேம்பாடு என்றது. ஆதாரமற்ற அச்சத்துக்கு இலவச உதிரிபாகம் தரும் வள்ளல்கள் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறார்கள்?

கார்களின் கதையும் இதுவே. 2010-இல் டாடா நானோ கார்கள் சில தீப்பற்றியபோது, வெளியிலிருந்து பொருத்தப்பட்ட மின்சாதனங்கள் முதலியவற்றின் மேல் பழி விழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாட்டை இலவசமாகச் செய்து தந்த நிறுவனம், இது திரும்பப் பெறுதல் அன்று என்று வலியுறுத்தவும் மறக்கவில்லை.

இந்தச் சொல்லாட்சி தற்செயலன்று, கற்றுக் கொடுக்கப்படுவது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், ஓடிக்கொண்டிருக்கும்போதே இக்னிஷன் சுவிட்ச் நழுவி இன்ஜின் நின்றுவிடும், ஸ்டியரிங் இறுகும், மோதினால் ஏர்பேக் விரியாது. 2006-இல் சுவிட்சைச் சத்தமின்றித் திருத்தினார்கள், ஆனால் அதன் பாக எண்ணை மாற்றவில்லை. பழையது எது, புதியது எது என்று பின்னால் தேடியவர்களுக்குத் தடம் கிடைக்கவில்லை. 2014-இல்தான் ஏறத்தாழ 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியமே 124 மரணங்களை ஏற்றது. அந்த விசாரணையில் வெளிவந்த 2008-ஆம் ஆண்டுப் பயிற்சிக் குறிப்பொன்று, அறிக்கைகளில் ஊழியர்கள் தவிர்க்க வேண்டிய 69 சொற்களைப் பட்டியலிட்டிருந்தது. ‘குறைபாடு’ என்று எழுதலாகாதாம். ‘வடிவமைத்தபடி இயங்கவில்லை’ என்று எழுத வேண்டுமாம். தொல்காப்பியரும் மங்கலம், இடக்கரடக்கல் பற்றிய தமிழ் மரபும் கண்டிராத தகுதிவழக்கு இது.

இதற்கு நாமகிரிப்பேட்டையிலிருந்தும் ஒரு சான்று உண்டு. நம் நண்பரொருவர் புதுக் கார் வாங்கி ஓராண்டு ஆகியிருந்தது. ஆத்தூர் சாலையில், மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரி எதிரே வர, வளைவில் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. வயலில் இறங்கி நின்றதால் குடும்பத்தோடு பிழைத்தார். சர்வீஸ் சென்டரில் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஜாப் கார்டில் எழுதியது: ‘ஸ்டியரிங் சற்றுக் கனமாக உள்ளதாக வாடிக்கையாளர் கருதுகிறார்.’ மூன்றாம் முறை போனபோது பாகத்தை மாற்றித் தந்தார்கள். ரசீதில் ‘நல்லெண்ண அடிப்படையில் இலவசம்’ என்றிருந்தது. ஊர்ப் பட்டறை மெக்கானிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “உங்க வண்டிக்கு மட்டும் வந்ததில்லைங்க சார், இதே மாடல்ல எனக்குத் தெரிஞ்சு இது மூணாவதுங்க.”

அந்த நல்லெண்ணம்தான் நம்மை அச்சுறுத்துகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகளும் நடைமுறையில் உள்ளன. உரிமையாளர்களில் குறிப்பிட்ட பங்கினர் புகார் செய்வது அதற்கு ஒரு முக்கிய வாயில். நம் நண்பரின் புகாரோ ‘கருதுகிறார்’ என்று சுருங்கி, ‘நல்லெண்ணம்’ என்று முடிந்துபோயிற்று. அவர் கணக்கிலேயே வரமாட்டார். அந்த மற்ற இருவரும் வரமாட்டார்கள். நான்காமவர் எந்த வளைவில் இருக்கிறாரோ, அவருக்கு எச்சரிக்கை போகாது.

நிறுவனத்தார் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒவ்வொரு புகாரும் குறையன்று. ஓட்டுபவர் பிழை உண்டு, தரமற்ற உதிரிபாகம் உண்டு, ஆராய அவகாசமும் வேண்டும். ஆராயும் வரை வாய்மூடி இருப்பதை நாம் குறைசொல்லோம். ஆராயுமுன்பே ‘தனித்த நிகழ்வு’ என்று எப்படித் தீர்ப்பெழுதினீர்கள் என்பதே கேள்வி. உண்மையைச் சொன்னால் தொழில் அழிந்துவிடும் என்பதும் பொய். 2013-இல், மறைமலைநகரில் ஆலை நடத்திய ஃபோர்டு, ஸ்டியரிங் குழாயும் பின்புற அச்சுப் பாகமும் காரணமென்று வெளிப்படையாகச் சொல்லி 1,66,021 கார்களைத் திரும்ப அழைத்தது. வானம் இடிந்து விழவில்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் ஒரு வெல்டிங் விட்டுப்போனால், லாரிக்காரர் வாசலில் வந்து நிற்பார். ‘தாங்கள் அவ்வாறு கருதுகிறீர்கள்’ என்று அவரிடம் சொல்லிப் பார்க்கட்டும்!

சோழனிடமும் அமைச்சர்கள் கழுவாய் ஒன்றைப் பரிந்துரைத்தார்கள். மறையவர் விதித்தபடி செய்தால் போதும் என்றார்கள். கன்றை இழந்து அலறும் பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமா என்று கேட்டான் அரசன். இலவச உதிரிபாகம் இக்காலத்துக் கழுவாய்.

அரசனுக்குக் காத்திராமல் நம்மால் ஆவதைச் செய்வோம். ஜாப் கார்டில் நம் சொற்கள் நாம் சொன்னபடியே எழுதப்பட்டிருந்தால் மட்டும் கையெழுத்திடுவோம். நகலைக் கேட்டு வாங்குவோம். பாகத்தை மாற்றித் தந்தாலும் புகாரை அரசிடம் பதிவு செய்வோம். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு முகமை உரிமையாளர்களின் புகார்களை எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. இங்கும் ஒவ்வொரு புகாரும் அவ்வாறு வைக்கப்பட வேண்டுமென்று கேட்போம். நம் நண்பர் ஜாப் கார்டில் இருந்த ‘கருதுகிறார்’ என்பதை அடித்துவிட்டு, ‘ஸ்டியரிங் இறுகியது’ என்று தம் கையால் எழுதி அரசுக்கு அனுப்பியிருக்கிறார். எழுவாய் இப்போது சரியாக இருக்கிறது.