நான்கு 'பி'யும் நாற்பது பாக்கெட்டும்

தொழில்முனைவோர் பாடத்தில் சந்தைப்படுத்துதல் பகுதி வந்தபோது, நம்மில் பலர் அதைப் பரீட்சைக்கு முதல்நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினோம். நானும்தான். 1960-இல் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் தம் நூலில் வகுத்த நான்கு 'பி'களான பொருள், விலை, இடம், விற்பனை ஊக்கம் ஆகியவற்றை வரிசையாக எழுதினால் மார்க் விழுந்துவிடும். (தமிழில் 'பி' எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள்!)

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் வீடு. அம்மா சீட்டுப் பணத்தில் உளுந்தும் மிளகாயும் வாங்கி, இட்லிப் பொடி அரைத்து, கால் கிலோ பாக்கெட்டாக நாற்பது பாக்கெட் கடையில் போட்டார். ஒரு மாதத்தில் முப்பத்திரண்டு திரும்பி வந்தன. "என் கைப்பக்குவம் போயிடுச்சுடா" என்று அம்மா சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம்தான் வகுப்பில் சிக் ஷாம்பூ பற்றிச் சார் சொன்னார். கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தொடங்கிய தொழில் அது. ஷாம்பூ என்றால் பெரிய பாட்டில், வசதியானவர் வீட்டுச் சாமான் என்றிருந்த காலம். கூலி வேலை செய்பவரும் வாங்க வேண்டுமானால் சின்ன சாஷேயில் வர வேண்டும் என்பது அவர் தந்தை சின்னிகிருஷ்ணனின் எண்ணம். மகன் ஊர் ஊராக ஆளனுப்பி, கூட்டத்தின் நடுவே பையன்களுக்குத் தலை அலசிக் காட்டினார். காலி சாஷே ஐந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார். வேறு கம்பெனி சாஷேயும் முதலில் செல்லும்! அந்தக் குப்பை இன்று கால்வாயை அடைப்பது வேறு விஷயம்.

மறுநாள் மாலை அந்தக் கடையில் போய் நின்றேன். மகேந்திரா சிட்டி, ஒரகடம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள்தான் அங்கே பாதிப் பேர். ஒரு ரூமில் நாலு பேர். "கால் கிலோ வாங்கி எங்க தம்பி வைக்கிறது? மாசக் கடைசில அவ்வளவு காசு ஏது?" என்றார் ஒருவர். பொடியில் குறையே இல்லை!

ஐம்பது கிராம் பாக்கெட் போட்டோம். பத்தே நாளில் தீர்ந்தது. ஆனால் கவர், லேபிள் செலவைச் சேர்க்க மறந்து விலை வைத்ததால் மிஞ்சியது சொற்பம். 'விலை' என்ற பாடம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கக் கற்றுக்கொள்கிறோம். யாருக்காகச் செய்கிறோம் என்று ஒருமுறையாவது கேட்டோமா? கேட்கப் போனாலும் வெட்கம். "டிப்ளமோ படிச்சிட்டு கடை கடையா ஏறுவியா?" என்று என் மாமாவே கேட்டார்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நான்கு 'பி'க்குத் தரும் மார்க்கில் பாதியையாவது, ஒரு பொருளைக் கடையில் போட்டு, திரும்பி வந்ததற்குக் காரணம் கேட்டு எழுதுகிறவனுக்குக் கொடுங்கள். அம்மா இப்போது பருப்புப் பொடிக்குக் கணக்குப் போடுகிறார், கவர் விலையையும் சேர்த்து.