மேல்வீட்டுத் தண்ணியும் ஒரு கையெழுத்தும்

மேல்வீட்டில் குழாய் உடைஞ்சு எங்கட சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழுந்தால், எங்கட சனம் முதலில் தேடுறது பெயின்ற் வாளியை. “பக்கத்துச் சனத்தோட ஏன் பிரச்சினை? அதுவும் எங்கட ஆக்கள்” எண்டு கதையை முடிச்சுவிடுவினம். கார்ஜ் லே கொனெஸ் தொடர்மாடிகளில் இது அடிக்கடி கேக்கிற கதை.

பிரான்ஸில் இதுக்கெண்டே ஒரு படிவம் இருக்கு: கொன்ஸ்தா. காப்புறுதி நிறுவனமே தரும். அதை முறைப்பாட்டுக் கடிதம் எண்டு நினைச்சுத்தான் பலர் பயப்பிடுகினம். நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கிறவன். எங்கட வேலையில் ஒரு கோளாறு வந்தால், ஆர் பிழை எண்டு கேக்க முதல், எப்ப, எங்க, என்ன நடந்தது எண்டு பதிவம். கொன்ஸ்தாவும் அப்பிடியான பதிவுதான். மேல்வீட்டுக்காரர் அதில் கையெழுத்து வைச்சால், நடந்ததைச் சொல்லுறார் எண்டு மட்டுமே அர்த்தம்.

இன்னொரு விசயம். 2018 யூன் 1 தொடக்கம் காப்புறுதி நிறுவனங்களுக்கு இடையில் இர்சி எண்ட உடன்படிக்கை இருக்கு. வரி சேர்க்காமல் 5000 யூரோ வரையான சேதத்தை, பாதிக்கப்பட்ட வீட்டில் இருக்கிறவரின் காப்புறுதியே கையாளும். 1600 யூரோவுக்கு உட்பட்டால், அது பொதுவாக மேல்வீட்டுக்காரரின் காப்புறுதியிடம் காசு கேட்டும் போகாது. அப்ப உறவு கெடுறதுக்கு என்ன இருக்கு?

செய்ய வேண்டிய ஒழுங்கு இதுதான்:

முதலில் தண்ணியின் பிரதான பூட்டை மூடுங்கோ. வயருக்குக் கிட்ட ஈரம் எண்டால் மின்சாரத்தையும் நிப்பாட்டுங்கோ. துடைக்க முதல் படம் எடுங்கோ. நனைஞ்ச மெத்தை, அலுமாரியைக் காப்புறுதி சொல்லும்வரை எறியாதேங்கோ. கொன்ஸ்தாவை மேல்வீட்டுக்காரரோட இருந்து நிரப்புங்கோ. அவர் மறுத்தால் தனியாகவே அனுப்பலாம். தண்ணி வந்ததை அறிஞ்ச 5 வேலை நாளுக்குள் காப்புறுதிக்கு அறிவிக்க வேணும். வாடகை வீடெண்டால் வீட்டுக்காரருக்கும் எழுதுங்கோ. பெயின்ற் கடைசி வேலை. ஒழுக்கு நிண்டு சுவர் உள்ளுக்கும் காயாமல் அடிச்சால், பூஞ்சணம் திரும்ப வரும். அதைச் சுவாசிக்கிறது பிள்ளையள்.

மழை வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் கணக்கு வேற. அரசு இயற்கை அனர்த்தம் எண்டு அரச இதழில் அறிவிச்ச பிறகு, அறிவிக்க 30 நாள் இருக்கு. குரூ ஆறு ஓடுற எங்கட ஊர்ச் சனம் இதையும் நினைவில் வைக்க வேணும்.

வாடகைக்கு இருக்கிறவைக்கு வீட்டுக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். எல்லாரும் மாதாமாதம் கட்டுறம். ஆனால் ஒப்பந்த இலக்கம் எங்க கிடக்கெண்டு அனேகமாக ஒராளுக்குத்தான் தெரியும். அவர் வேலையில் நிக்கேக்க, பிரெஞ்சு தெரியாத அம்மா அப்பா மட்டும் வீட்டில் நிண்டால்? இந்த ஞாயிறு அந்த இலக்கத்தைத் தமிழ்க் குறிப்போட குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கோ. தண்ணிப் பூட்டு எங்க இருக்கெண்டு அவைக்குத் திருகிக் காட்டுங்கோ.