மங்கலச் சொல்லும் மறைபொருளும்

விடுமுறை நெருங்கினால் தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் சுற்றுலா விளம்பர ஏடுகள் கைக்குக் கை மாறத் தொடங்கிவிடும். அவற்றின் ஆங்கிலத்தை நம் பிள்ளைகள் தட்டுத்தடையின்றிப் படிக்கின்றனர். பொருளும் விளங்கிவிட்டதாக எண்ணுகின்றனர். விளங்கவில்லை என்பதே நம் வாதம்.

‘கோஸி’ என்னும் சொல்லுக்கு அகராதி ‘இதமானது’ என்று பொருள் தரும். விடுதிக்காரர் வழக்கிலோ அது பெரும்பாலும் சிறிய அறை. ‘ரஸ்டிக் சார்ம்’ என்றால் நாட்டுப்புற எழில் என்று மகிழ்கிறோம். வசதிகள் குறைவு என்னும் முன்னறிவிப்பு அது. ‘செக்ளூடட்’ என்ற இடத்திற்குப் பேருந்து வாராது. ‘லைவ்லி’ என்ற இடத்தில் உறக்கம் வாராது. ‘ஸீ வியூ’ என்ற அறையின் சன்னல் கடலை நோக்கியிருக்க வேண்டுவதில்லை. எட்டிப் பார்க்கையில் ஒரு கீற்று நீலம் தெரிந்தாலும் சொல் பொய்யாகாது. கட்டணத்திற்கு முன் நிற்கும் ‘ஃப்ரம்’ என்னும் சிறுசொல், அவ்விலைக்கு எந்நாளில் அறை கிடைக்கும் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடும்.

நம் புலவர்கள் மிகைப்படுத்தவில்லையா, இதுவும் அலங்காரந்தானே என்று கேட்போர் உளர். ஒவ்வோம். உயர்வு நவிற்சி தான் மிகை என்பதை மறைப்பதில்லை; அதன் பின்னே கட்டணச் சீட்டும் வருவதில்லை. விளம்பரச் சொல்லின் இனத்தை அணியிலக்கணத்தில் அன்று, நன்னூல் கூறும் தகுதி வழக்கில் தேட வேண்டும். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. சுற்றுலா ஆங்கிலமோ மங்கல ஆடை உடுத்த குழூஉக்குறி. விற்போர்க்குப் பொருள் தெரியும். வாங்குவோர்க்கு ஓசை மட்டுமே எட்டும்.

திட்டமாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து வழக்கொன்று சான்று. 1969 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வழக்கறிஞர் ஒருவர் சுவிட்சர்லாந்து சென்றார். விருந்தினர் குழாமும் யோடல் பாட்டு மாலையும் உண்டு என்று விளம்பர ஏடு உறுதி கூறியிருந்தது. இரண்டாம் வாரத்தில் அவ்விடுதியில் அவர் ஒருவரே விருந்தினர். பாடகர் வேலை உடையிலேயே வந்து நாலைந்து பாட்டுகளை விரைந்து பாடிவிட்டுப் போனார். 63 பவுன் 45 பென்ஸ் கட்டியிருந்தவருக்கு டென்னிங் பிரபு இடம்பெற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் 1972-இல் 125 பவுன் இழப்பீடு வழங்கியது. சொன்ன சொல் திட்டமாக இருந்தமையால் சொன்னவரைக் கட்டியது. இதனை அறிந்தவர் எவரும் ‘இத்தனை அடி அறை’ என்று எழுதார். ‘கோஸி’ என்றே எழுதுவார்.

நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தடுக்க வகை செய்துள்ளது. முக்கியச் செய்தியை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும். எனினும் அளவில்லாத அடைமொழியை எந்த அளவுகோலால் அளந்து பொய் என்று நிறுவுவது?

ஆங்கிலம் நம்மில் பலருக்குச் சோறிட்ட மொழி. அதனை வெறுக்கச் சொல்லவில்லை. மதிப்பெண்ணுக்காகப் படித்த மொழியைக் காசு கொடுக்குமுன் ஒருமுறை ஐயத்தோடு படிக்கச் சொல்கிறோம். அடைமொழிகளை அடித்துவிட்டு எஞ்சுவது என்ன என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை அடி, எத்தனை கிலோமீட்டர், வரியுடன் மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கேட்கப் பழக்குங்கள். விடை எழுத்தில் வாராத இடத்திற்குப் பணம் அனுப்ப வேண்டா. நான்காண்டுச் சேமிப்பை ஓர் அடைமொழியிடம் ஒப்படைப்பது கல்வியுடைமை ஆகாது.