மனைத்தரகும் மறைப்பு மொழியும்

ஆவடியில் தொடர்வண்டியை விட்டிறங்கிப் பருத்திப்பட்டு வழியே பூவிருந்தவல்லிச் சாலையில் நடந்து பாருங்கள்! சுவர்தொறும் ‘கார்டன்’, ‘சிட்டி’, ‘அவென்யூ’! அவற்றின் அடியில் ‘அப்ரூவ்டு’ என்றொரு மந்திரச் சொல்! ஒப்புதல் தந்தவர் யார், எந்த எண்ணில் தந்தார் என்று கேட்டால் தரகர் பலர்க்கு வாய் அடைத்துக் கொள்கிறது.

இவ்வூர்ப் பெயரையே தொழிற்சாலை ஒன்றின் ஆங்கிலத் தலைப்பெழுத்துகள் என்று கதைகட்டித் திரிவார் உளர். டாங்கி செய்யும் திண்ணூர்தித் தொழிற்சாலை எழுந்தது 1961-இல். அதற்கு ஆறாண்டு முன்பே, 1955-இல், பேராயக் கட்சி மாநாடு கூடியது இதே ஆவடியில்! ஊரின் பெயரையே ஆங்கிலனுக்கு எழுதிக் கொடுப்பவர் மனையை எம்மொழியில் விற்பார் என்று சொல்லவும் வேண்டுமோ?

எனக்குத் தெரிந்த தொழிலாளி ஒருவர், ஆவடியை அடுத்த ஊராட்சியொன்றில் ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று தரகர் சொன்னதை நம்பி, இருபதாண்டுச் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கினார். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் உரிமை ஊராட்சித் தலைவர்க்கு இல்லை; அது நகர ஊரமைப்புத் துறைக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திற்கும் உரியது. 2016 செபுதம்பரில் சென்னை உயர்முறைமன்றம் ஒப்புதலற்ற மனைகளைப் பதியத் தடை விதித்தபோதுதான் அவர்க்கு அவ்வாங்கிலச் சொல்லின் பொருள் விளங்கிற்று. 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில், வாங்கிய மனைக்கே மறுபடியும் பணம் கட்டினார். தரகர் தம் தரகை வாங்கிக்கொண்டு எப்பொழுதோ போய்விட்டார்.

இத்தகையோரைக் கட்டவே 2016-இல் நடுவணரசு இயற்றிய சட்டம் 2017 மே முதல் முழுமையாய் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெறாமல், சட்டத்திற்குட்பட்ட மனைத் திட்டங்களில் தரகு செய்தல் கூடாது. தனியாள் ஒருவர் 25,000 உருபா கட்டினால் ஐந்தாண்டுக்குப் பதிவு. பதியப்படாத திட்டத்தை விற்றுக் கொடுத்தலும் பொய் விளம்பரம் செய்தலும் குற்றம். மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் உருபா தண்டம். விற்ற சொத்தின் விலையில் ஐந்து விழுக்காடு வரை அது வளரும். நல்ல விதிகளே! ஆயினும் 500 சதுர மீட்டர்க்கு மேற்படாத நிலத்திற்குத் திட்டப் பதிவே வேண்டா என்றொரு விலக்கும் அதில் உண்டு. தரகரின் பதிவுச் சான்று நிலத்தின் தூய்மைக்குச் சான்றாகாது என்பதையும் மறவாதீர்.

அப்பதிவு எம்மொழியில் நடக்கிறது? விண்ணப்பப் படிவத்திற்குப் பெயர், ஆங்கில நெடுங்கணக்கின் ஏழாம் எழுத்து. சான்றுக்கு எட்டாம் எழுத்து! அடுக்ககம் வாங்குவோரிடம் கையெழுத்துப் பெறும் உடன்படிக்கையோ பக்கம் பக்கமாய் ஆங்கிலம். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எழும்பூர்க் கட்டடம், 1939-இல் இந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டு உயிர்நீத்த தாளமுத்து, நடராசன் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயரைக் கட்டடத்தில் பொறித்தோம். மொழியைத் தாளில் பொறித்தோமா?

தமிழால் இயலாது என்பானுக்குச் சோழர் கல்வெட்டுகளைக் காட்டுங்கள். கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என நான்கெல்லையும் வகுத்து, விலையும் குறித்து, நிலவிலை ஆவணத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்த மொழி இது. இன்றும் சார்பதிவகத்தில் விலை ஆவணம் பெரும்பாலும் தமிழில்தானே எழுதப்படுகிறது! இடையில் நிற்கும் தரகர்க்கு மட்டும் ஆங்கிலம் எதற்கு?

சட்டம் தரகரிடம் தேர்வு எதையும் கேட்கவில்லை. மராட்டிய ஒழுங்குமுறை ஆணையமோ 2023-இல் பயிற்சியும் தேர்வும் வேண்டுமென ஆணையிட்டது. இங்கும் வேண்டும், தமிழில் வேண்டும்! தாய் ஆவணத்தையும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் முன்னே வைத்து, வாங்குவோர்க்கு விளங்கத் தமிழில் சொல்லத் தெரிந்தவர்க்கே சான்று தருக! ஒப்புதல் தந்த அலுவலகப் பெயரும் எண்ணும் தமிழில் இல்லாத விளம்பரத்தைத் தடை செய்க!

மனை பார்க்கச் செல்லும் தோழர்களே! ஆணையத்தில் பதிந்த திட்டமாயின், உடன்படிக்கையைப் பதியுமுன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கேட்க விற்பவர்க்கு உரிமையில்லை. அந்தப் பத்தையும் கொடுக்குமுன், தரகரின் பதிவெண்ணையும் திட்டத்தின் பதிவெண்ணையும் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்கினால், அடுத்த வண்டியில் வீடு திரும்புங்கள்.