"ஐ" என்றால் யார்?

மாதுங்காவில் இருந்தாலும் சரி, தாராவியில் இருந்தாலும் சரி, ஆபீசுக்கு ஆங்கிலத்தில் விளக்கக் கடிதம் எழுத வேண்டிய நாள் நம்மவருக்கு என்றாவது வந்தே தீரும். சரக்கு குறைந்தது ஏன், கணக்கு இடித்தது ஏன் என்று கேட்பார்கள். அப்போது நம்மவர் எழுதுவது இப்படி: சூப்பர்வைசர் செட் தட் ஐ ஆம் ரெஸ்பான்சிபிள்.

எழுதியவர் சொல்ல நினைத்தது, "நான்தான் பொறுப்பு என்று சூப்பர்வைசரே ஒப்புக்கொண்டார்" என்பது. ஆங்கிலத்தில் படிப்பவருக்குக் கிடைப்பதோ, "நீதான் பொறுப்பு என்று சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார்" என்பது. ஊரார் பழியைத் தன் தலையில் தானே ஏற்றிக்கொண்டு, கீழே கையெழுத்தும் போட்டாயிற்று!

இது அறியாமை அல்ல, தாய்மொழிப் பழக்கம். ஓலைச் சுவடியில் மேற்கோள் குறி கிடையாது. அது அச்சோடு வந்தது. அதுவரை அந்த வேலையை "என்று" என்ற ஒரு சொல்லே பார்த்தது, இன்றும் பார்க்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. "தட்" அதற்கு ஈடாகாது. "தட்" வந்துவிட்டால் "ஐ" என்பது எழுதுகிறவரையே குறிக்கும்.

வழி இரண்டு உண்டு. சூப்பர்வைசர் செட் என்று எழுதி, காற்புள்ளி போட்டு, அவர் பேச்சைக் குறிக்குள் வையுங்கள்: சூப்பர்வைசர் செட், "ஐ ஆம் ரெஸ்பான்சிபிள்." அல்லது குறியே இல்லாமல், சூப்பர்வைசர் செட் தட் ஹி வாஸ் ரெஸ்பான்சிபிள் என்று எழுதுங்கள். பள்ளியில் நேர்கூற்று, அயற்கூற்று என்று மதிப்பெண்ணுக்காக மாற்றி மாற்றி எழுதினோம். அதில் யார் தலை தப்பும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

ஒற்றைக் குறியா, இரட்டைக் குறியா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்துப் புத்தகங்களில் ஒற்றைக் குறி அதிகம். அமெரிக்காவில் இரட்டைக் குறி. ஒரு கடிதத்தில் ஒன்றையே பின்பற்றினால் போதும்.

மும்பைக்கே உரிய சிக்கல் வேறு. இங்கே மேலதிகாரி திட்டுவது இந்தியிலோ மராத்தியிலோதான். அதை நாமே ஆங்கிலமாக்கிக் குறிக்குள் வைத்தால், "இந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லை" என்று விசாரணையில் அவர் கைவிரிப்பார். அவர் சொன்னதும் உண்மைதானே! ஆகவே அவர் வாயிலிருந்து வந்த இந்திச் சொல்லையே குறிக்குள் எழுதுங்கள். அதன் பொருளை அடுத்த வாக்கியத்தில், குறி இல்லாமல், ஆங்கிலத்தில் எழுதுங்கள்.